பத்து விரல்களின் கதை

உங்கள் வீட்டு பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். பழைய காலண்டர், போன வருஷத்துப் பஞ்சாங்கம் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய பழுப்புக் கவர் இருக்கும். உள்ளே கறுப்பாக ஒரு எக்ஸ்ரே ஃபிலிம். எப்போதோ தாத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது எடுத்தது. தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. சூரிய கிரகணம் வந்தால் மட்டும் பையன்கள் ஞாபகமாகத் தேடி எடுப்பார்கள். (அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். அது தனிக்கதை.)

அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கத்தி வைக்காமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், உயிரோடு நடமாடிய ஒரு மனிதரின் எலும்பு உங்கள் கையில் இருக்கிறது! இன்றைக்கு நமக்கு இது சர்வசாதாரணம். ஆனால், இதற்காகத் தங்கள் விரல்களையே விலையாகக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சிலர் கையை. சிலர் உயிரை.

முதலில், எக்ஸ்ரே இல்லாத உலகம் எப்படி இருந்தது என்று எட்டிப் பார்த்துவிடலாம்.

1881, ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையம். அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பதவிக்கு வந்து நான்கே மாதம். சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று முதுகில், வலது பக்கம் நுழைந்தது.

நுழைந்தது சரி... எங்கே போய் நின்றது?

அதைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காயத்துக்குள் விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவுவது. அதுவும் கழுவாத விரல்! கிருமிகளைப் பற்றி ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் சொல்லிக்கொண்டிருந்ததை அமெரிக்க டாக்டர்கள் பலர் அப்போது காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ரயில் நிலையத்துத் தரையில் ஆரம்பித்த துழாவல், வெள்ளை மாளிகையில் வாரக்கணக்கில் தொடர்ந்தது. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்கூட உதவிக்கு ஓடிவந்தார். உலோகத்துக்குப் பக்கத்தில் போனால் சத்தம் எழுப்பும் ஒரு கருவியை அவசர அவசரமாகச் செய்துகொண்டு வந்தார். கட்டில் மெத்தையில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் அதைக் குழப்பின. போதாக்குறைக்குத் தலைமை டாக்டர் பிளிஸ், ‘குண்டு வலது பக்கம்தான்’ என்று அடம்பிடித்து, அங்கே மட்டும் தேடவிட்டார்.

செப்டம்பர் 19-ம் தேதி கார்ஃபீல்ட் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. குண்டு முதுகெலும்பின் ஒரு கணுவைத் துளைத்துக்கொண்டு இடது பக்கம் போய், சுற்றிலும் சதை மூடி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது! உடம்பெல்லாம் சீழ். குண்டைவிட, குண்டைத் தேடிய விரல்கள்தான் அவரைக் கொன்றன என்பதே பின்னால் வந்த மருத்துவர்கள் பலரின் தீர்ப்பு.

இன்றைக்கு எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் எக்ஸ்ரே எடுத்து, ‘குண்டு இடது பக்கம் சார்’ என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்கு உலகம் இன்னும் 14 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1895, நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரம். வில்ஹெல்ம் ரான்ட்ஜன் என்ற பேராசிரியர் இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் முழுக்க மூடியிருந்தார். ஆனால், தள்ளி இருந்த ஒரு ரசாயனம் பூசிய திரை பளபளவென்று மின்னியது. ஏதோ ஒரு கதிர் அட்டையைத் தாண்டி வருகிறது! என்ன கதிர் என்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் எழுத்தையே அதற்கும் பெயராக வைத்தார். எக்ஸ்.

டிசம்பர் 22-ம் தேதி மனைவி பெர்த்தாவை அழைத்து, கையைத் தட்டின்மேல் வைக்கச் சொன்னார். ஏறக்குறைய 15 நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். தட்டைக் கழுவிப் பார்த்தால்... விரல் எலும்புகள், அதில் ஒன்றில் மிதப்பது போலக் கல்யாண மோதிரம். அந்த அம்மாள் மிரண்டுபோனார் என்று சொல்வார்கள். தன் எலும்புக்கூட்டைத் தானே பார்த்தால் யாருக்குத்தான் இருக்காது?

ரான்ட்ஜன் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் செய்தி வெளியானதுமே ஊருக்கு ஊர் ஆளாளுக்குக் குழாயும் பேட்டரியும் வாங்கிவந்து படமெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து டாக்டர் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1896, பிப்ரவரி. கையில் ஊசி ஒடிந்து உள்ளே போய்விட்டது என்று ஒரு பெண் வந்தார். ஹால்-எட்வர்ட்ஸ் படம் எடுத்துக் கொடுத்தார். சர்ஜன் அந்தப் படத்தைப் பார்த்து, நேராக அந்த இடத்தில் கத்தி வைத்து ஊசியை எடுத்துவிட்டார். துழாவல் இல்லை! ஒரு படம் கத்திக்கு வழிகாட்டிய முதல் ஆபரேஷன் இதுதான் என்கிறார்கள். கார்ஃபீல்டுக்குக் கிடைக்காதது, பேர் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? இரண்டே வருஷத்தில் எக்ஸ்ரே போர்க்களத்துக்கும் போய்விட்டது. 1898-ல் சூடான் பாலைவனத்தில், பேட்டர்ஸ்பி என்ற ராணுவ டாக்டருக்குப் பேட்டரியை சார்ஜ் செய்ய வழியில்லை. என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளை டைனமோவோடு இணைத்தார். கொளுத்தும் வெயிலில் சிப்பாய்கள் சைக்கிள் மிதிக்க, அடிபட்டவன் காலுக்குள் குண்டு எங்கே என்று படம் சொன்னது!

முதல் உலகப்போரில் மேரி கியூரி இன்னும் ஒரு படி மேலே போனார். சுமார் 20 வண்டிகளில் எக்ஸ்ரே கருவியை ஏற்றி, போர்முனைக்கே கொண்டுபோனார். கூடவே 17 வயது மகள் ஐரீன். ‘குட்டி கியூரி’ என்று அந்த வண்டிகளுக்குச் செல்லப்பெயர்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. இனி?

எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது? கைதான் இருக்கிறதே! குழாய்க்கும் திரைக்கும் நடுவில் தன் கையை நீட்டி, எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நாளில் பல தடவை, வருஷக்கணக்காக. கதிருக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. சூடுகூடத் தெரியாது. ஆகவே பயமும் இல்லை.

முதலில் தோல் சிவந்தது. அப்புறம் நகம் கருத்தது. ஆறாத புண். கடைசியில் புற்றுநோய்.

எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கண்ணாடிக் குழாய் ஊதுவதில் கெட்டிக்காரர். முதலில் இடது கை போனது. பிறகு வலது கையில் நான்கு விரல். பிறகு இரண்டு கைகளும். 1904-ல் இறந்தபோது அவருக்கு வயது 39. எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்.

ஹால்-எட்வர்ட்ஸை ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெண்ணின் கையிலிருந்து ஊசி எடுக்க வழி காட்டியவர். 1908-ல் அவருடைய இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வலது கை விரல்களும் போயின. அந்த இடது கை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இப்போதும் பாதுகாக்கப்படுகிறது. மற்றவர்கள் கைக்குள் இருப்பதைப் பார்த்துச் சொன்ன கை!

1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இப்படிப் பலியானவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அப்போதே அதில் 150-க்கும் மேற்பட்ட பெயர்கள்.

அதற்குள் உலகம் திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? மேல்நாட்டுச் செருப்புக் கடைகளில் 1920-களில் எக்ஸ்ரே பெட்டி வைத்தார்கள். பெட்டிக்குள் காலை விட்டால், புது ஷூவுக்குள் விரல் எலும்புகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கலாம். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடை செய்தது 1957-ல்தான்!

சரி, பீரோ மேலிருக்கும் தாத்தாவுக்கு வருவோம்.

வயதானவர்கள் விழுந்தால் முதலில் உடைவது, தொடை எலும்பு இடுப்போடு சேரும் அந்தக் கழுத்துப் பகுதி. ஒரு காலத்தில் அதற்குப் பெரிய வைத்தியம் கிடையாது. மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். படுக்கைப் புண் வரும், நிமோனியா வரும், ஆள் போய்விடுவார். ‘பாட்டி விழுந்துட்டா, இனிமே அவ்வளவுதான்’ என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டது சும்மா இல்லை. அமெரிக்காவின் ஸ்மித்-பீட்டர்சன் 1920-களில் ஆணி அடித்து இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் மூட்டையே திறந்து பார்த்து அடிக்க வேண்டும். வயதான உடம்பு தாங்குமா?

1932-ல் ஸ்வீடனின் ஸ்வென் யோஹான்சன் ஒரு யோசனை சொன்னார். மெல்லிய கம்பி ஒன்றை முதலில் செருகு. முன்னாலிருந்து ஒரு எக்ஸ்ரே, பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடு. கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா? அப்படியானால் நடுவில் துளையுள்ள ஆணியை, பாசிமணி கோப்பது மாதிரி அந்தக் கம்பிமேல் விட்டு உள்ளே இறக்கு. மூட்டைத் திறக்கவே வேண்டாம்! எத்தனையோ தாத்தா பாட்டிகள் எழுந்து நடந்தது இந்த வழியில்தான்.

அப்போதும் கஷ்டம் தீரவில்லை. திரையில் பிம்பம் அவ்வளவு மங்கல். டாக்டர் அரைமணி நேரம் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். 1950-களில்தான் பிம்பத்தைப் பல மடங்கு பிரகாசமாக்கும் கருவி வந்தது. அதை ‘சி’ எழுத்து வடிவத்தில் ஒரு வளைவில் மாட்டினார்கள். இன்று எலும்பு ஆபரேஷன் தியேட்டர்களில் ‘சி-ஆர்ம்’ என்று சொல்வது அதைத்தான். டாக்டர் டிவியைப் பார்த்தபடியே ஆணியை இறக்குகிறார். காரீய அங்கி அணிந்து, கையைக் கதிரின் பாதையில் நீட்டாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு. டாலியும் ஹால்-எட்வர்ட்ஸும் கற்றுக்கொடுத்த பாடம்.

1971-ல் சி.டி. ஸ்கேன் வந்தது. கண்டுபிடித்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். வேலை பார்த்த கம்பெனி இ.எம்.ஐ. அதாவது, குழாய்க்கு முன்னால் நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்குமே, அந்த எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் தாய்க் கம்பெனி! 1977-ல் எம்.ஆர்.ஐ. முதல் முறையாக மனித உடம்பைப் படம் பிடித்தது. எலும்பு மட்டுமல்ல, ஜவ்வு, தசைநார், முதுகுத் தண்டின் டிஸ்க், எல்லாமே தெரிந்தன. அதுவும் எக்ஸ்ரே கதிர் இல்லாமல். இன்று தோள்பட்டை மூட்டில் ஊசி போடும்போதுகூட அல்ட்ராசவுண்டில் ஊசிமுனை போவதைப் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள்.

ஆக, எல்லாம் தெரிந்துவிட்டது. பிரச்னை தீர்ந்ததா?

இல்லை. இப்போது பிரச்னை, அதிகமாகத் தெரிகிறது என்பதுதான்!

1994-ல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் குறும்பாக ஒரு காரியம் செய்தார்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரைப் பிடித்து, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தது 36 சதவிகிதம் பேருக்குத்தான்! பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எங்காவது ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. 27 சதவிகிதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. அவர்களோ ஜாலியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். தலை நரைப்பது போல டிஸ்க்கும் நரைக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கவருக்குள் இருக்கும் ரிப்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். ‘டிஸ்க் பல்ஜ்’ என்று இருக்கிறதா? உங்கள் வலிக்கு அது காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். படத்துக்கு வலிக்காது. வலிப்பது உங்களுக்கு. காலில் பலம் குறைகிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை, காய்ச்சலோடு முதுகு வலிக்கிறது, விழுந்து அடிபட்டது என்றால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஓடுங்கள். அங்கே ஸ்கேன் உயிர் காக்கும். ஆனால், நேற்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதால் வந்த பிடிப்புக்கு இன்றைக்கே ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

கார்ஃபீல்டின் டாக்டர்களிடம் விரல்கள் மட்டும்தான் இருந்தன, படம் இல்லை. நம்மிடம் படம் இருக்கிறது. விரல்களைத்தான் மறந்துவருகிறோம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, உட்கார்ந்ததுமே கவரை நீட்டாதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எப்படிக் குனிந்தால் சுரீரென்கிறது என்று முதலில் சொல்லுங்கள். அவர் தொட்டுப் பார்க்கட்டும், அழுத்திப் பார்க்கட்டும், காலைத் தூக்கிப் பார்க்கட்டும்.

நன்றாகக் கழுவிய விரல்களால்தான்!