இசே யாத்திரை

ஜப்பானின் மியே மாநிலத்திலுள்ள இசே பெருங்கோயிலுக்கு மக்கள் செல்லும் புனிதப் பயணம். சூரிய தேவி அமத்தெராசுவின் உள்கோயிலும், உணவளிக்கும் தெய்வமான தொயோஉகேயின் வெளிக்கோயிலும் இங்கு முதன்மையானவை; சிறு கோயில்களையும் சேர்த்தால் மொத்தம் 125. உள்கோயில் 690 முதல் இருபதாண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழுப்பப்படுகிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் மட்டும் நூறாண்டுக்கு மேல் இவ்வழக்கம் நின்றிருந்தது.

தொடக்கத்தில் இது மக்கள் கோயில் அன்று. அமத்தெராசுவைக் குலமுதல்வியாகக் கொண்ட பேரரசரைத் தவிர வேறெவரும் இங்கே காணிக்கை செலுத்தக்கூடாது. அவர் சார்பில் தொண்டு செய்ய, மணமாகாத இளவரசி ஒருத்தி அனுப்பப்பட்டாள். 14ஆம் நூற்றாண்டில் அந்த மரபு அற்றுப்போனது. அரண்மனை மானியம் வற்றிய பிறகுதான் கோயில் சாமானியரைத் தேடிப் போனது. ஒன்ஷி எனப்பட்ட பூசாரிகள் ஊர் ஊராகச் சென்று ரட்சைகளையும் பஞ்சாங்கத்தையும் கொடுத்தனர். யாத்திரை வந்தவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து விருந்தளித்தனர். இவர்களைப் பயண முகவர்கள் என்றாலும் தவறில்லை. கிராமங்களில் எல்லோரும் பணம் போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவரை அனுப்பிவைத்தார்கள்.

தொக்குகாவா குலத்துப் படைத்தலைவர்களின் ஆட்சியில் உழவர் நினைத்தபடி ஊரைவிட்டுப் போக முடியாது. இசேக்கு என்றால் அனுமதி கிடைத்தது. கிடைக்காதவர்கள் சொல்லாமலே கிளம்பினர். பணியாளும் பிள்ளைகளும் அப்படிப் போய்வந்தால் பெரும்பாலும் தண்டிப்பதில்லை. 1650, 1705, 1771, 1830 ஆகிய ஆண்டுகளில் இது பெருவெள்ளமாயிற்று. 1705இல் சுமார் ஐம்பது நாளில் 36 லட்சம் பேர் சென்றதாக அறிஞர் மோத்தோஓரி நொரினாகா பதிவு செய்துள்ளார். அன்றைய ஜப்பானின் மக்கள்தொகையே சுமார் 3 கோடிதான். எண்ணில் மிகை இருக்கலாம், கூட்டத்தில் ஐயமில்லை. 1830இல் கையில் அகப்பையோடு நடந்தவர்களுக்கு வழியோரத்தார் சோறு போட்டனர். எல்லாம் பக்தி என்று சொல்லிவிடவும் முடியாது: இரு கோயில்களுக்கும் நடுவில் இருந்த ஃபுருஇச்சி, நாடறிந்த கேளிக்கைத் தெரு. ஆனால் பௌத்தத் துறவிகளுக்குக் கெடுபிடி இருந்தது. 1684இல் வந்த கவிஞர் பாஷோ, தலையை மழித்திருந்ததால் பௌத்தத் துறவியாகக் கருதப்பட்டு, சன்னதியை நெருங்க விடப்படவில்லை.

1869இல் பேரரசர் மெய்ஜி நேரில் வந்து வழிபட்டார். ஈராண்டில் ஒன்ஷி முறை ஒழிக்கப்பட்டு, கோயில் அரசின் கைக்குப் போனது. இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனியும் இன்றைய வழிபாட்டு முறையும் மெய்ஜி காலச் சீரமைப்பின் வழி வந்ததே. 1945 போர்த் தோல்விக்குப் பின் அரசுத் தொடர்பு அறுந்தது. 1949இல் நடக்கவேண்டிய புதுப்பிப்பு, மக்கள் நன்கொடையால் 1953இல்தான் நிறைவேறியது. 62ஆவது புதுப்பிப்பு நடந்த 2013இல் வந்தவர்கள் 1.4 கோடிக்கு மேல். அவர்களும் வெள்ளைத் திரை தொங்கும் வேலிவாசலில் நின்றே கும்பிட்டனர். கருவறைவரை போக இன்றும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.