எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது? பெற்றோர் முன்கூட்டியே பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் நம் வீடுகளில் பெரும்பாலும் கல்லூரிப் பேச்சு தொடங்குகிறது. அதற்குள் பல நல்ல இடங்களுக்கு விண்ணப்பத் தேதியே முடிந்திருக்கும். ஜேஇஇ மெயின் தேர்வின் முதல் கட்டம் ஜனவரியிலேயே நடக்கிறது. மருத்துவத்துக்கான நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் ஆகியவற்றுக்கும் முடிவு வருமுன்பே பதிவு செய்தாக வேண்டும். எனவே காலாண்டு விடுமுறையிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுவது நல்லது. நீட், க்யூட் இரண்டையும் தமிழிலேயே எழுதலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

கிடைப்பது சிரமம் என்றாலும் முயன்று பார்க்க இரண்டு கல்லூரி, பிள்ளையின் மதிப்பெண்ணுக்குப் பொருந்துவதாக மூன்று நான்கு, உறுதியாகக் கிடைக்கும் என்பதாக இரண்டு. பட்டியல் இப்படி அமைந்தால் போதும். கடைசி இரண்டை எழுதத்தான் பெற்றோர் கௌரவம் பார்க்கிறார்கள். பிறகு ஜூலை மாதத்தில் எந்த இடமும் இல்லாமல் எங்களிடம் ஓடி வருகிறார்கள்.

எது பொருந்தும் என்பதைக் கட்ஆஃப் வைத்துத்தான் சொல்ல முடியும். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு, அதாவது பிசிஎம் பிரிவுக்கு, 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. 40 இடங்கள் உள்ள ஒரு துறையில் கணக்குப் போட்டால் இது ஓரிடம்தான், மிஞ்சினால் இரண்டு. இவ்வளவு குறைவான இடங்களில் ஒரே ஒரு மாணவர் வருவதும் வராததும் கட்ஆஃபையே மாற்றிவிடும். சென்ற ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பாமல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். பொதுப் பிரிவின் 31 சதவீதத்தில் எல்லோரும் போட்டியிடலாம். அதில் இடம் பெறும் நம் பிள்ளை பிசிஎம் கணக்கில் சேராது. பொறியியல் கட்ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

அதிகம் பேர் தவறுவது சான்றிதழில்தான். தாலுகா அலுவலகம் தந்த பிசிஎம் சாதிச் சான்றிதழ் மாநிலக் கல்லூரிகளுக்கு மட்டுமே செல்லும். திருச்சி என்ஐடி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் உள்ள 27 சதவீத ஓபிசி ஒதுக்கீட்டுக்கு 'கிரீமிலேயர் அல்லாதோர்' என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அரசுப் பதவியில் இருப்போருக்கு வேறு விதிகளும் உண்டு. மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல என்பதால், தங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பழைய சான்றிதழை ஏற்க மாட்டார்கள். நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

அடுத்து நம் கல்லூரிகள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி (1919), சென்னை புதுக்கல்லூரி (1951), திருச்சி ஜமால் முகமது கல்லூரி (1951), அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி (1955), மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965) என முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவை பல. "நம்ம கல்லூரிதானே, இடம் தருவார்கள்" என்று நினைத்துக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். பி.காம் போன்ற பாடங்களுக்கு இங்கும் போட்டி கடுமைதான். ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருந்தால் இரண்டின் கட்டணமும் வேறு வேறு. எந்தப் பிரிவுக்கு விண்ணப்பம் போடுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு இடஒதுக்கீட்டில் தனி விதிகள். ஆகவே லயோலா போன்ற கிறிஸ்தவக் கல்லூரிகளில் நம் 3.5 சதவீதத்தை அப்படியே எதிர்பார்க்க முடியாது. டில்லி ஜாமியா மில்லியாவில் பாதி இடங்கள் முஸ்லிம்களுக்கு உண்டு. ஆனாலும் தமிழகத்திலிருந்து செல்வோர் மிகக் குறைவு.

மூன்று ஆண்டுக் கட்டணம், விடுதி, பயணம் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரியைப் பட்டியலில் சேருங்கள். சேர்ந்த பிறகு பணம் போதாமல் வட்டிக் கடனுக்குப் போகும் நிலை, முதல் நாளே கணக்குப் போட்டிருந்தால் பல குடும்பங்களுக்கு வந்திருக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியலிலும் மருத்துவத்திலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தாது.

பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்குவோர், அதற்காகப் படிப்பையே நிறுத்திவிடாமல், அருகில் உள்ள அரசு மகளிர் கல்லூரிகளை முதலில் பாருங்கள். சென்னையில் இருப்போருக்குக் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. விடுதியில் ஹலால் உணவு, ஜும்ஆவுக்குச் செல்ல நேரம், ஹிஜாப் பற்றிய விதி ஆகியவற்றை விண்ணப்பிக்கும் முன்பே, அங்கு படிக்கும் மாணவர்களிடமே விசாரியுங்கள்.

இஸ்திகாரா செய்தோம், மனம் இந்தக் கல்லூரியைத்தான் சொல்கிறது என்று விசாரிக்காமலே முடிவெடுப்போரும் இருக்கிறார்கள். விவரம் அறிந்தோரிடம் மஷூரா செய்வதும் சுன்னத்தே. பிள்ளையின் விருப்பத்தையும் அந்த மஷூராவில் கேளுங்கள்.

சேரும் நாளில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைப் போதிய அளவு எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே அசலைக் கொடுங்கள். இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் வேறு கல்லூரி கிடைத்தால் அவை தேவைப்படும்.