மனப்பாடமும் மருந்தும்

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கின் மறைக்கல்வி அறையில் ஓர் இளம்பெண் தனியே அமர்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செபமென்றே எண்ணினேன். அருகில் சென்றபோதுதான், அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிய உரிமம் தரும் 'என்கிளெக்ஸ்' தேர்வுக்கான பாடம் என்று தெரிந்தது. "ஆர் முன்னே, என் பின்னே, ஃபாதர்" என்று சிரித்தாள்.

ஒரே சிரிஞ்சில் இருவகை இன்சுலினை எடுக்க நேர்ந்தால், தெளிந்திருக்கும் 'ரெகுலர்' முதலில், கலங்கலான 'என்.பி.எச்.' அடுத்து. கலங்கல் மருந்து தெளிந்த குப்பிக்குள் கலந்துவிடக்கூடாது என்பதே காரணம். இரண்டின் முதலெழுத்துகளும் சேர்ந்தால், பதிவுபெற்ற செவிலியரைக் குறிக்கும் 'ஆர்.என்.' வந்துவிடுகிறது.

இத்தகைய நினைவுச் சூத்திரங்கள் நம் மாவட்டத்திற்குப் புதியவையல்ல. வர்ம ஆசான்மார் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று எண்ணால் கட்டி, அவற்றைப் பாடலாக மாணாக்கரின் நாவில் ஏற்றினார்கள். ஆயினும் பாட்டு ஒப்பித்தவன் வைத்தியனாகிவிடுவதில்லை. விரல் அளவால் இடம் குறித்து, ஆசான் தொட்டுக்காட்டினால்தான் பாட்டுக்குப் பொருள் பிறக்கும்.

நம் கடற்கரையின் இன்னொரு மனப்பாட வரலாறு புனித சவேரியாருடையது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவ்வொலிகளை மனப்பாடம் செய்தார். மணியடித்துத் தெருத்தெருவாய் மக்களைக் கூட்டி அவர்களுக்கும் கற்பித்தார். நோயுற்றோர் எல்லார் வீட்டிற்கும் தாமே செல்ல இயலாதபோது, செபம் தெரிந்த சிறுவரை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகே விசுவாச அறிக்கையைச் சொன்னார்கள். 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000-க்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்து, ஊர்தோறும் செபங்களின் எழுத்துப்படியை விட்டுச்சென்றார்.

இவை நாம் பெருமையுடன் சொல்பவை. நாம் அதிகம் சொல்லாத ஒன்றும் உண்டு. அதே 1544-இல் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில், விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்று வரும் சொல்லை மாற்றி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடும்படி சவேரியார் அறிவுறுத்துகிறார். 'விசுவசிக்கிறேன்' என்பதற்குப் பதில் 'எனக்கு வேணும்' என்றல்லவா மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்! அதற்குள் எத்தனை ஊர்களில் எத்தனை நாவுகள் அதனை ஒப்பித்திருக்கும்! பிழையைக் கண்டதும் மறைக்காமல் திருத்தினாரே, அதுவே அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த செயல்.

நம் பெண்களின் நிலையும் ஏறத்தாழ அன்றைய சவேரியாரின் நிலைதான். தீப்பிடித்தால் செய்யவேண்டியதை 'ரேஸ்' என்னும் நான்கு எழுத்துகளில் அடக்குகிறார்கள்: நோயாளியைக் காப்பாற்று, அபாய ஒலி எழுப்பு, கதவடைத்துத் தீயைக் கட்டுப்படுத்து, பின்பு அணை. ஆங்கிலத்தில் சிந்திப்பவருக்கு இது துணை. தமிழ்வழியில் பயின்று வந்தவளுக்கோ, சூத்திரமே இன்னொரு பாடம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் இத்தடையை உணர்ந்தவர். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், பின்னர் தமிழுக்கு மாறி, 33 மருத்துவர்களைத் தமிழிலேயே உருவாக்கினார். அந்த வழியில் நாம் ஏன் தொடர்ந்து நடக்கவில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய துயரம்.

2023 ஏப்ரல் முதல் என்கிளெக்ஸ் தேர்வும் மாறியிருக்கிறது. ஒரு நோயாளியின் நிலையை விரித்துரைத்து, எதைக் கவனிப்பாய், எதை முதலில் செய்வாய் என்று தொடர்ந்து வினவும் பகுதிகள் சேர்க்கப்பட்டுள்ளன. முதலெழுத்துகள் மட்டும் அங்கே கரைசேர்க்கா.

இதை அப்பெண்ணிடம் சொன்னேன். "தெரியும், ஃபாதர். மருந்தை எடுப்பதற்குமுன் குப்பிகளுக்குள் காற்றுச் செலுத்தவேண்டும். அப்போது கலங்கல்தான் முதலில், முறை தலைகீழ். 'ஆர் முன்னே' என்பதை மட்டும் நம்பினால் கை அங்கே தவறிவிடும்" என்றாள்.

பின்பு பையிலிருந்து இரண்டு காலிக் குப்பிகளையும் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். "தெளிந்தது முன், கலங்கல் பின், காற்றுக்கு மட்டும் கலங்கல் முன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே எனக்குச் செய்துகாட்டினாள்.