லயத்துக் கூரையில் ஒரு காற்றாடி

1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செய்திக் கட்டுரைக்காக அப்புத்தளைக்குச் சென்றிருந்தேன். அவ்வூரை அறிந்தவர்களுக்கு ஆகஸ்ட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மலைமுகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஒரு பக்கம் தென்சமவெளி, மறுபக்கம் ஊவாவின் மலைக்கிண்ணம். கடைத்தெருவில் குடை விரிக்க முயல்பவர் வெளியூர்க்காரர் என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். லயங்களின் தகரக் கூரைகள் மீது கருங்கற்களையும் பழைய டயர்களையும் ஏற்றி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கூரையொன்றின் உச்சியில் ஒரு காற்றாடி சுழல்வதை அன்று கண்டேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்தக் காற்றைப் பற்றியும், அதை நம்பி எழுந்த கட்டிடங்களைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, முகடு தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரம் இழந்து வறண்டுபோகிறது. மட்டக்களப்பார் இதனைக் கச்சான் என்பார்கள். தேயிலை வணிகரின் ஆங்கிலத்திலும் இத்தமிழ்ச்சொல் அப்படியே புகுந்துவிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இக்காற்றில் தேயிலைச் செடி வாடி வருந்துகிறது. அந்த வருத்தத்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய நறுமணம் பிறக்கிறது. அம்மணத்தில் மெதில் சாலிசிலேட் என்னும் பொருளுக்குப் பெரும் பங்குண்டு என்கிறார்கள் வேதியியலாளர்கள். தலைவலித் தைலத்தின் மணமும் அதுவே.

1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகு பதுளை மாவட்டத்து மலைகளில் தேயிலை ஏறியது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் தொழிற்சாலை எழுப்பினார். அக்காலத்துத் தேயிலைத் தொழிற்சாலை எதை நோக்கினாலும் ஒரே சாயல்தான்: மூன்று, நான்கு மாடி, நெடுக வரிசையாகச் சன்னல்கள், கப்பலைப் போன்ற நீண்ட உடல். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனை மேல்மாடிகளில் பரப்பிக் காற்றில் வாட்டவேண்டும். கச்சான் வீசும்போது சன்னலைத் திறந்தால் போதும். மழைக்காலத்தில் என்ன செய்வது? அதற்காகவே பெரும் விசிறிகள் வந்தன. அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் தோட்டத்தில் பணியாற்றிய சாமுவேல் டேவிட்சன் என்பவர் ஊர் திரும்பி, 1881இல் பெல்பாஸ்டில் ஒரு தொழிற்கூடம் தொடங்கினார். தம் இயந்திரங்களுக்கு அவர் இட்ட பெயர் 'சிரோக்கோ'. ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது. காற்றையே இயந்திரமாக்கி விற்றவர் வேறு எந்தப் பெயரை வைப்பார்?

இங்கேதான் எனக்குப் பிடித்த செய்தி வருகிறது. பல மாடிக் கட்டிடம் ஒன்றுக்குள் சுழலும் பொருள்களை வைத்தால் கட்டிடம் நடுங்கும். கொழுந்து உருட்டும் ரோலர்கள் ஒவ்வொன்றும் பெரும் பாரம். அவை வட்டமிட்டு அரைக்கும்போது தரையே அசையும். ஆகவே அவற்றை எப்போதும் கீழ்த்தளத்தில், கனத்த அடித்தளத்தின் மீது வைத்தார்கள். எஞ்சினுக்குப் பெரும்பாலும் தனி அறை, தனிக் கொங்கிறீட் மேடை. நீர்ச்சுழலி வைத்திருந்த தோட்டங்களில் அது ஓடையருகே பள்ளத்தில் கிடந்தது. அதன் உறுமலும் அங்கேயே கிடந்தது, மின்சாரம் மட்டும் கம்பி வழியே ஏறி வந்தது. மேல்மாடிக்குப் போனவை விசிறிகள் மட்டுமே. அவையும் ஒரே வேகத்தில் சுழல்பவை. ஒருமுறை சமன் செய்துவிட்டால் நெடுங்காலம் அமைதியாக இருக்கும். நான் சந்தித்த முதிய டீமேக்கர் ஒருவர், விசிறித் தண்டின் தாங்கி மீது ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டினார். அது விழவில்லை. "விழுந்துச்சுன்னா நிப்பாட்டிட்டுப் பாஸைக் கூப்பிடுவேன்" என்றார்.

நடுக்கத்தை அடக்கும் இந்த அறிவு முழுவதும் தொழிற்சாலைக்குள் இருந்தது. மின்சாரமும் அங்கேதான் இருந்தது. லக்சபானாவின் முதல் மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது; மலையகத்து நீரில் பிறந்த அம்மின்சாரம் மலையகத்து லயங்களை எட்டிப்பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தொழிற்சாலை விளக்கொளியில் மின்ன, நூறு யார் தூரத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு புகைந்துகொண்டிருக்கும். 1982இல் நான் சென்ற லயமும் அப்படித்தான். பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே கூரை.

காற்றாடியைச் செய்தவன் அத்தொழிற்சாலையின் பாஸிடம் எடுபிடியாக இருந்த பதினேழு வயதுப் பையன். சைக்கிளின் முன்சக்கரம் ஒன்றில் இரண்டு மர இறக்கைகளைப் பொருத்தி, சக்கரத்தின் விளிம்பில் டைனமோவை உரசவிட்டு, ஒரு டயோடு வழியாகப் பழைய மோட்டார் சைக்கிள் பற்றரிக்கு மின்னேற்றினான். 6 வோல்ட், 3 வாட். பரீட்சைக்குப் படிக்க ஒரு சிறு பல்ப் எரிந்தது. அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவனுடைய தாயார் என்னைத் தனியே அழைத்து, "ராவெல்லாம் கூரை அழுவுதுங்க ஐயா. எங்க காம்பரா மட்டுமில்லை, கடைசிக் காம்பராப் பிள்ளையும் முழிச்சுக்கிது" என்றார்.

அந்த அழுகைக்குக் காரணம் எளிமையானது; கொடுமையானதும்கூட. நான்கடி அகலக் காற்றாடியில் ஓர் இறக்கையின் நுனி மற்றதைவிட 20 கிராம் கனமாக இருக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுழலும்போது அந்த 20 கிராம், ஏறத்தாழ 1.2 கிலோ எடையின் விசையுடன் கம்பத்தை நொடிக்கு ஐந்து முறை இழுக்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. ஏறத்தாழ 5 கிலோ, நொடிக்குப் பத்து முறை. அத்துடன் எந்தப் பொருளுக்கும் தனக்கென ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. இழுப்பின் வேகமும் அதுவும் ஒத்துப்போனால் சிறிய உந்தலும் ஊஞ்சலைப் போல் பெருகிவிடும். தொழிற்சாலை விசிறி அந்த வேகத்தைத் தவிர்த்து ஓட முடியும். காற்றாடிக்கு அந்த விடுதலை இல்லை. கச்சான் ஏறி இறங்கும்போதெல்லாம் அதுவும் ஏறி இறங்கும். ஆபத்தான வேகத்தை ஓரிரவில் நூறு முறை கடக்கும். அடியிலோ ஆணியடித்த தகரம், ஒரு பறையின் தோலைப் போல.

பையன் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கம்பத்தின் அடியில் ரப்பர் மெத்தை வைத்திருந்தான். பலன் அற்பம். ரப்பர், தன் இயல்பான ஆட்டத்தைவிட நன்கு விரைவான நடுக்கத்தைத்தான் தடுக்கும்; மெதுவான நடுக்கத்தை அப்படியே கடத்தும், சிலவேளை பெருக்கவும் செய்யும். மெதுவானதையும் தடுக்குமளவு மெத்தையைத் தளர்த்தினால் காற்று கம்பத்தையே சாய்த்துவிடும்.

கால் நூற்றாண்டு கழித்து, பெரும் பணம் செலவழித்துப் பிரிட்டன் கற்ற பாடமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 2007இலும் 2008இலும் கட்டிடங்கள் மீது பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்தார்கள். வாரிக் காற்றுச் சோதனை என்பது அதன் பெயர். ஒவ்வொன்றும் சராசரியாக நாளொன்றுக்குத் தந்தது 214 வாட்-மணி. ஒரு 10 வாட் விளக்கை ஒரு நாள் முழுதும் எரிக்கவும் போதாது. கூரைகளுக்கு மேல் காற்று சுழித்து உடைந்துபோவது முதற்காரணம். உயரமான அடுக்குமாடிகளில் நன்றாகச் சுழன்றவற்றையோ, குடியிருந்தோர் இரைச்சல் என்று முறையிட்டதால் நிறுத்திவைக்க நேர்ந்தது. 2010இல் இலண்டனில் கட்டிமுடித்த ஸ்ட்ராட்டா கோபுரத்தின் உச்சியில் 9 மீற்றர் அகலத்தில் மூன்று சுழலிகள் வைத்து, நடுக்கமும் ஓசையும் குறையட்டும் என்று மூன்று இறக்கைகளுக்குப் பதில் ஐந்து பொருத்தினார்கள். அவை சுழன்றதைவிட நின்ற காலமே அதிகம் என்று இலண்டன் பத்திரிகைகள் கேலி செய்தன.

அப்புத்தளைப் பையனுக்கு இவை எதுவும் தெரிய வாய்ப்பில்லை. அவனுக்கு வாய்த்தது டீமேக்கர். அவர் மாலையில் லயத்துக்கு வந்தார். அக்காலத்தில் அதுவே ஒரு செய்தி. சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, அச்சைக் கிடையாகப் பிடித்துத் தானே சுழன்று நிற்கவிட்டார். ஒரே இறக்கை ஒவ்வொரு முறையும் கீழே வந்தது. அதைச் சீவச் சொன்னார். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை சீவச் சொன்னார். இரண்டு இறக்கை போதாது, மூன்று வேண்டும் என்றார். காரணம் சொல்லவில்லை, பிறகுதான் நான் படித்தறிந்தேன். இரட்டை இறக்கைச் சுழலி காற்றின் திசைக்குத் திரும்பும்போது, இறக்கைகள் கிடையாக நிற்கும் கணத்தில் திரும்ப மறுக்கும், செங்குத்தாக நிற்கும் கணத்தில் எளிதில் திரும்பும். ஆகவே உதறி உதறித் திரும்பும். மூன்றில் அந்த உதறல் இல்லை. இறுதியாக அவர் சொன்னது: "கூரையை விட்டு இறக்குடா தம்பி. மிஷினுக்குத் தரை வேணும்."

லயத்திலிருந்து நாற்பதடி தள்ளி ஒரு பாறையின் பக்கத்தில் குழி தோண்டி, சீமெந்துக் கட்டையில் கம்பத்தை நட்டார்கள். கம்பி நீண்டதால் வெளிச்சம் சற்று மங்கியது. கூரை அழுவது நின்றது. நான் புறப்பட்ட காலையில் பன்னிரண்டு காம்பராக்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலைக் கலவரம் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தையும் எரித்தது. 1984இல் நான் மீண்டும் அந்த லயத்துக்குப் போனபோது அக்குடும்பம் அங்கே இல்லை. வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள் என்று அண்டைக் காம்பராக்காரர் சொன்னார். சக்கரத்தையும் பற்றரியையும் பையன் கையோடு கொண்டு போயிருந்தான். பாறையோரத்துக் கம்பம் மட்டும் நின்றது. அதில் யாரோ கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள்.