பூட்டனாரைத் தேடி

வரலாறு என்றவுடன் மன்னரும் போருமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்வெட்டில் இடம்பெறாத எளியவர்க்கு வரலாறு இல்லையா? உண்டு. அதனைத் தேடிய என் அனுபவத்தைக் கூறுகிறேன்.

எங்கள் குடும்பம் காரிமங்கலத்தில் ஏழு தலைமுறையாக வாழ்வது என்று என் பாட்டியார் பெருமையுடன் சொல்லுவார். பணி ஓய்வு பெற்றபின், அதனை உறுதிசெய்ய இப்பகுதியின் பழைய கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் பதிவேடுகளைப் புரட்டினேன். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்கிலும் ஏட்டில் பதியவேண்டும் என்று 1563-இல் திரெந்துச் சங்கம் விதித்தது. இறப்பேடு பின்னர்ச் சேர்ந்தது. ஆதலின் பண்ணையாரும் கூலியாளும் ஒரே ஏட்டில் இடம் பெற்றனர்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே முறை. பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவு அவர் தந்தையின் பெயரைத் தந்தது. அப்பெயரைப் பற்றிச் சென்றதில் 1896-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு கிடைத்தது. அதில் மணமகனின் பெற்றோருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. ஞானத்தந்தையாகிய உபதேசியார் பெயர் மட்டும் காணப்பட்டது. மேலும் பின்னோக்கிச் சென்றேன். 1877-இல், இலத்தீன் மொழியில், ஒரே வரி: வயது ஏறத்தாழ ஐந்து, பெற்றோர் அறியப்படாதவர்.

அது தாது வருஷப் பஞ்சக் காலம். 1876-இல் மழை பொய்த்தது. 1878 வரை துயர் நீடித்தது. காரிமங்கலம் அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாயிருந்த அந்த ஜில்லாவின் மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சமாகக் குறைந்தது. கஞ்சித்தொட்டியை நாடி ஊர்விட்டு ஊர் நடந்தோர் பலர். என் பூட்டனார் அவ்வழியில் தனித்துவிடப்பட்ட குழந்தை.

ஏழு தலைமுறைப் பெருமை ஒரு வரியில் கரைந்தது. என் மனம் ஒப்பவில்லை. பெயரொற்றுமையோ என ஐயுற்று, முன்னும் பின்னுமுள்ள ஆண்டுகளையும் பார்த்தேன். அப்பெயருடையார் வேறெவரும் இலர். இரு பதிவிலும் ஞானத்தந்தை ஒருவரே. ஐயம் நீங்கிற்று. அவ்வாண்டின் இறப்பேட்டில் பெயரற்ற வழிப்போக்கர் பலர் குறிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் அக்குழந்தையின் தாயும் இருந்திருக்கலாம்; ஏடு அதற்குமேல் பேசவில்லை.

பாட்டியார் பொய் சொன்னாரல்லர். தாம் கேட்டதைச் சொன்னார். கேட்டதைச் சான்றோடு ஒப்பிடுவதே வரலாற்று மாணவன் கடமை. பெருமை குறைந்தது என்று இன்று நான் வருந்தவில்லை. யாரோ ஒருவர் ஒரு குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்ததனாலன்றோ நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்!

உங்கள் வீட்டிலும் பழைய பத்திரங்கள் இருக்கும். உங்கள் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கும். கறையான் படிக்குமுன் நீங்கள் படியுங்கள்.