தெஹிவளை மிருகக்காட்சிசாலை: அறிவியல் பரப்பல்

வெள்ளவத்தைக்குத் தெற்கே, கால்வாய்க்கு அப்பால் தெஹிவளையில் அமைந்த இலங்கையின் தேசிய விலங்கியல் பூங்கா. விலங்கியலாளர் அறிந்ததைப் பொதுமக்கள் நேரில் காண வாய்த்த முக்கிய இடங்களுள் ஒன்று.

ஹாம்பர்க் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் 1920களின் இறுதியில் இதைத் தொடங்கினார். ஐரோப்பாவுக்கு அனுப்பும் விலங்குகள் கப்பலேறும்வரை இங்கே தங்கின. அவருடைய நிறுவனம் நொடித்ததும் 1936இல் அரசு பொறுப்பேற்றது. பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்திறங்கும் கல்வியிடமாக இது வளர்ந்தது அதன் பின்னரே. 1978இல் பின்னவல யானைகள் சரணாலயமும் இதே நிர்வாகத்தின்கீழ் வந்தது.

ஆய்வு முடிவு இங்கு வருவோரை எட்டும் நேர்வழி, கூட்டின் முன்னுள்ள விளக்கப் பலகை. அதை எழுதுவது சின்ன வேலையல்ல. சருகுமானையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2005இல் கொலின் குரோவ்ஸ், எரிக் மெய்யார்ட் ஆகியோர் அருங்காட்சியக மாதிரிகளை ஒப்பிட்டு, இலங்கையின் உலர்வலயத்தில் ஒன்றும் ஈரவலயத்தில் மற்றொன்றுமாக இரு தனி இனங்கள் உண்டெனக் காட்டினர். நீண்ட கட்டுரையின் இந்தச் சாரத்தை நாலே வரியில், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பிழையின்றிச் சொல்லவேண்டும். இலத்தீன் பெயர் மட்டும் போதாது. ஈரவலயச் சிங்கராஜாவில் எதைக் காணலாம், உலர்வலய வில்பத்துவில் எதைக் காணலாம் என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதவேண்டும்.

இத்தகைய பலகைக்கு மாறாக, இங்கே பல்லாண்டுகள் கூட்டத்தை ஈர்த்த யானை வித்தைக் காட்சியோ, காட்டு யானையின் வாழ்வைப் பற்றி அநேகமாக எதையும் கற்பிக்கவில்லை.