வாட்ஸ்அப் குமுறலும் தொழிற்சட்டமும்: தனியார் துறை ஊழியரின் இணையப் பேச்சுக்குக் காப்பு எங்கே?

தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கேலிசெய்து பதிவிட்டதற்காக அவருக்குக் குற்றக் குறிப்பாணை வழங்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2023இல் அதை ரத்து செய்தார். மனக்குமுறலைக் கொட்டித் தீர்க்கும் உரிமை ஊழியருக்கு உண்டு என்றது தீர்ப்பு. அதற்கு முன், 2020 ஜனவரியில், முகநூல் பதிவு ஒன்றை முன்வைத்து நடவடிக்கைக்கு ஆளான அரசு ஊழியரின் வழக்கில் திரிபுரா உயர் நீதிமன்றமும் இதே திசையில் நின்றது. அரசுப் பணியில் இருப்பதாலேயே ஒருவர் கருத்துரிமையை இழந்துவிடுவதில்லை என்றது.

இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இரண்டிலும் முதலாளியின் இடத்தில் இருந்தது அரசு அல்லது அரசின் அங்கம். 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியரின் ஆர்ப்பாட்ட உரிமையை ஏற்ற நாளிலிருந்து இந்த வழக்குகள் பெரும்பாலும் அரசமைப்பின் 19ஆம் உறுப்பையே பற்றி நடந்துவந்திருக்கின்றன. அந்த உறுப்பு அடிப்படையில் அரசைக் கட்டுப்படுத்துவது. ஒரகடத்து ஆலைத் தொழிலாளியும் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் ஊழியரும் தம் நிறுவனத்துக்கு எதிராக அதைக் காட்டி வழக்காடுவது கடினம். பணி நியமன ஆணையோடு கையெழுத்து வாங்கப்படும் சமூக ஊடக விதி, நிறுவனத்தின் ‘நற்பெயருக்குக் களங்கம்’ என்று இரண்டு சொல்லில் எதையும் தடுத்துவிடும்.

அவர்களுக்கான காப்பு வேறு சட்டத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, முறையற்ற தொழில் நடவடிக்கைகளைப் பட்டியலிட்டது. சங்கம் அமைப்பதில் தலையிடுவதோடு, பரஸ்பர உதவிக்கும் பாதுகாப்புக்குமாகத் தொழிலாளர்கள் சேர்ந்து செயல்படுவதில் தலையிடுவதையும் அதன் முதல் இனம் குற்றமாக்கியது. அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின் 7, 8ஆம் பிரிவுகளில் உள்ள வாசகமும் ஏறத்தாழ இதுவே. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பும் தன் இரண்டாம் அட்டவணையில் இந்த வாசகத்தைத் தக்கவைத்துள்ளது.

அந்த வாசகத்தைக் கொண்டு அமெரிக்கத் தொழிலுறவு வாரியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கனெக்டிகட் மாநில மதுக்கடை ஒன்றில் வரிப்பிடித்தம் சரியாகச் செய்யப்படாததால் ஊழியர்கள் கூடுதல் வரி கட்ட நேர்ந்தது. முன்னாள் ஊழியர் ஒருவர் அதைப் பற்றி முகநூலில் எழுதினார். பணியில் இருந்த ஒருவர் அதற்கு ‘லைக்’ இட்டார். இன்னொருவர் முதலாளியை வசைச்சொல்லால் குறிப்பிட்டுப் பின்னூட்டம் எழுதினார். இருவரும் வேலையிழந்தனர். அந்த ‘லைக்’கும் கூட்டுச் செயலே என்று வாரியம் 2014இல் தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதை உறுதிசெய்தது. அங்கே சங்கம் எதுவும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சக ஊழியர்கள் தங்கள் ஊதியத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசியதே போதுமானதாக இருந்தது.

எல்லைக்கோடும் தெளிவானதுதான். இல்லினாயில் கார் விற்பனையாளர் ஒருவர் பக்கத்து விற்பனையகத்தில் நேர்ந்த விபத்தின் படத்தைக் கிண்டலோடு பதிவிட்டார். அதற்கும் பணி நிலைமைக்கும் தொடர்பில்லை என்று 2012இல் வாரியம் அவரது நீக்கத்தில் தலையிடவில்லை. அதே தீர்ப்பு நிறுவனத்தின் ‘மரியாதை’ விதியைச் சட்டவிரோதமென அறிவித்தது. குறைகூறுவதையே அது தடுப்பதாகத் தொழிலாளர் புரிந்துகொள்ள இடமிருந்தது. ஸ்டெரிசைக்கிள் நிறுவன வழக்கில் வாரியம் 2023இல் வழங்கிய தீர்ப்பு இன்னும் திட்டமாகப் பேசுகிறது: விதியை, அந்தச் சம்பளத்தை நம்பி வாழ்பவரின் கண்ணால் படிக்க வேண்டும், அதைவிடக் குறுகிய விதி போதாது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.

இந்தியச் சூழலின் தடைகள் சிறியவை அல்ல. ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் மேலாளர்கள் வருவதில்லை. மென்பொருள் ஊழியர் வருவாரா என்பது பணியின் தன்மையைப் பொறுத்தது. அத்துறைக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்திவிட்டது. பெரிய தடை வேறு. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, முறையற்ற நடவடிக்கைக்காக வழக்குத் தொடுக்கும் சாவியை அரசின் கையில் வைத்தது. பாதிக்கப்பட்டவர் தாமாகக் குற்றவியல் நீதிமன்றம் போக முடியாது.

ஆனால் பணிநீக்கத் தகராறில் அந்தச் சாவி தேவையில்லை. ஒரு பதிவுக்காக நீக்கப்பட்டவர் தொழில் தீர்ப்பாயத்துக்கு வரும்போது, பதிவு கண்ணியமானதா என்ற கேள்விக்கு முன்னால், அது ஊதியத்தையோ பணி நேரத்தையோ பாதுகாப்பையோ பற்றிச் சக ஊழியரை நோக்கிச் சொல்லப்பட்டதா என்று கேட்கலாம். ஆம் எனில், அந்த நீக்கமே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தடுத்த, இப்போது தொகுப்பின் இரண்டாம் அட்டவணை தடுக்கும் தலையீடு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சமூக ஊடக விதியும் அந்த அளவுக்குச் செல்லாது.